எந்த ஊருக்கு எழுதிய விவரக்குறிப்பு? நிலாவெளிக் கரையில் இரண்டு முன்பள்ளிக் கட்டடங்கள்

2016 ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை காலை. திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளிப் பக்கத்துக் கரையோரக் கிராமமொன்றில் முன்பள்ளியைத் திறந்த ஆசிரியை, பிள்ளைகள் பை வைக்கும் தட்டின் மேல் கொங்கிறீற்றுத் துண்டு ஒன்று கிடப்பதைக் கண்டார். இரண்டு உள்ளங்கை அகலம். நிமிர்ந்து பார்த்தபோது பீமின் அடிப்பக்கம் பெயர்ந்து, கம்பி செம்பழுப்பு நிறத்தில் வெளியே தெரிந்தது. சனி, ஞாயிறு விடுமுறையில் விழுந்ததால் ஒரு பிள்ளைக்கும் காயமில்லை. கிராம அபிவிருத்திச் சங்கத்தார் என்னை அழைத்தது அந்தத் துண்டைக் காட்டத்தான். அதை ஒரு பழைய சேலைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்கள்.

கட்டடத்துக்கு அப்போது வயது பத்து. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பிறகு நன்கொடைப் பணத்தில் எழுந்தது. ஐம்பது, அறுபது ஆண்டுகள் நிற்க வேண்டிய கட்டடம் பத்து ஆண்டில் உதிர்ந்தால், எல்லோரும் முதலில் ஒப்பந்தக்காரரைத்தான் திட்டுவார்கள். சீமெந்தைத் திருடிவிட்டான் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு போனேன். கட்டடத்தின் ஒப்பந்தக் கோப்பைக் கேட்டு வாங்கி இரவிரவாக வாசித்த பிறகு என் எண்ணம் மாறியது. அவர் தன்னிடம் கேட்டதைச் செய்திருந்தார். பிழை கேட்டதில் இருந்தது.

பழைய கோப்பு

எந்தப் பொருளால், எந்த அளவில், எப்படிக் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தக்காரருக்குச் சொல்லும் விவரக்குறிப்பு அறுபது பக்கத்துக்கு மேல் இருந்தது, முழுக்க ஆங்கிலத்தில். இருபத்தேழாம் பக்கத்தில், சரிவான நிலத்தில் மண்சரிவைத் தாங்கும் சுவர் எப்படிக் கட்டப்பட வேண்டும் என்று நீண்ட பகுதி. அந்தக் கிராமத்தில் சைக்கிள் தானாக உருளும் அளவுக்குக்கூடச் சரிவு கிடையாது. மலைநாட்டுத் திட்டம் ஒன்றுக்கு எழுதியதைத் தலைப்பை மட்டும் மாற்றி இங்கே கொண்டுவந்திருந்தார்கள். மலையைப் பற்றி இத்தனை எழுதிய அந்த ஆவணத்தில் கடல் என்ற சொல் ஓர் இடத்திலும் இல்லை.

கம்பிக்கு வெளியே நிற்க வேண்டிய கொங்கிறீற்றின் தடிப்பை, களத்தில் நாம் ‘கவர்’ என்பதை, விவரக்குறிப்பு 25 மில்லிமீற்றர் என்றது. வரைபடத்தின் மூலையில் சிறிய எழுத்தில் 40 என்றிருந்தது. ஒவ்வொரு வேலையின் அளவையும் விலையையும் குறிக்கும் அளவுப் பட்டியல் வாய் திறக்கவில்லை. மூன்றும் முரண்பட்டால் எது செல்லும் என்ற வரி ஒப்பந்தத்தில் இல்லை. குறைந்ததைச் செய்பவரை யாரும் குற்றம் சொல்ல முடியாது. பீமில் நான்கு இடங்களில் கொத்திப் பார்த்தோம். ஓரிடத்தில் 28, இரண்டு இடங்களில் 20ஐ ஒட்டி, துண்டு விழுந்த இடத்தில் 15. கேட்டது 25 என்றால் களத்தில் 15 வரை இறங்கும். இதை எதிர்பார்க்காமல் எழுதுகிறவர் களத்தைப் பார்த்திராதவர்.

இந்தச் சில மில்லிமீற்றர்களை நான் ஏன் இவ்வளவு பெரிதாக எடுக்கிறேன்? புதுக் கொங்கிறீற்று கடும் காரத்தன்மை உடையது. அந்தக் காரம் கம்பியின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலத்தை உண்டாக்கித் துருவைத் தடுக்கிறது. காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு வெளியிலிருந்து மெல்ல உள்ளே போய் அந்தக் காரத்தைத் தின்கிறது. கடற்காற்றில் வரும் உப்பின் குளோரைட்டு, காரம் குறையாத இடத்திலும் அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். படலம் போனால் இரும்பு துருவாகும். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். அந்த நெருக்கம்தான் கொங்கிறீற்றை உள்ளிருந்து பிளக்கிறது. உப்பும் காபனீரொட்சைட்டும் கம்பியை எட்ட எடுக்கும் காலம், ஏறக்குறைய கவரின் வர்க்கத்துக்கு ஏற்ப நீள்கிறது. 15 மில்லிமீற்றரைக் கடக்கப் பத்து ஆண்டு என்றால், அதே கொங்கிறீற்றில் 45ஐக் கடக்கத் தொண்ணூறு ஆண்டு என்று கணக்கு வரும். களத்தில் கணக்கு இவ்வளவு நேராக நடப்பதில்லை. ஆனாலும் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதில் ஐயமில்லை.

கொத்திய இடத்தில் பினோல்ப்தலீன் கரைசல் தெளித்தோம். காரம் உள்ள இடம் ஊதாச் சிவப்பாக மாற வேண்டும். கம்பியைச் சுற்றி நல்ல நிறம் வந்தது. காரம் இருந்தும் துரு பிடித்திருக்கிறது என்றால், வேலை பார்த்தது உப்பு. சந்தேகம் கிணற்றின் மேல் போயிற்று. விவரக்குறிப்பு தண்ணீரைப் பற்றிச் சொன்னது ஒரே வரி: சுத்தமானதாக இருக்க வேண்டும். முன்பள்ளிக்குப் பின்னால் இருந்த கிணற்றுத் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிவாகத்தான் இருந்தது. செப்டெம்பரில் உப்புக் கரித்து வாயில் வைக்க முடியாது.

அந்தக் கட்டடத்தில் வேலை செய்த தலைமை மேசன் அதே ஊர்க்காரர். தேடிப் போய்ப் பேசினேன்.

“அண்ணை, அப்போது உங்களிடம் விவரக்குறிப்பு தந்தார்களா?”

“ஐயா, அப்படி ஒரு புத்தகம் இருந்ததே எனக்கு இப்போதுதான் தெரியும். ஓவர்சியர் வந்து வாயால் சொன்னார், செய்தோம். கவர் இத்தனை வேண்டும், உப்புத் தண்ணீர் வேண்டாம் என்று சொல்லியிருந்தால் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் செய்யாமல் விடுவேனா?”

அந்தக் கேள்வி என்னை நெடுநாள் விடவில்லை.

ஓராண்டுப் பொறுப்பு, பத்தாண்டுத் துரு

நமது கட்டட ஒப்பந்தங்களில் குறைதிருத்தும் பொறுப்புக் காலம் பெரும்பாலும் ஓராண்டு. கதவு இறுகினால், ஓடு ஒழுகினால் அந்த ஓராண்டுக்குள் தெரியும். கவர் குறைந்ததும் உப்புத் தண்ணீர் சேர்ந்ததும் தெரியாது. அவை வெளியே வரும்போது பிடித்து வைத்த பணம் திரும்பப் போயிருக்கும், ஒப்பந்தக்காரர் வேறு மாவட்டத்தில் இருப்பார், கையொப்பமிட்டவர் ஓய்வு பெற்றிருப்பார். கரையோரத்தில் கொங்கிறீற்றை ஊற்றுவதற்கு முன் பார்த்தால்தான் உண்டு. பலகை அடைத்துக் கலவை போட்ட பிறகு அந்தப் பீமை எந்தச் சட்டமும் திருத்தித் தராது.

புலம்பெயர்ந்த ஊரவர் பணம் சேர்த்து, புது முன்பள்ளிக்கு விவரக்குறிப்பு எழுதித் தரும்படி 2018 இல் கேட்டபோது, நான் எனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன். எந்த வாசகம் எழுதினாலும், இதை யார், எப்போது, எதைக் கொண்டு பார்ப்பார் என்று கேட்பேன். பதில் இல்லாவிட்டால் அடித்துவிடுவேன். ‘மிகச் சிறந்த தரம்’, ‘பொறியியலாளர் திருப்தியுறும் வண்ணம்’, ‘நல்ல தொழில் முறைப்படி’ எல்லாம் அப்படிப் போயின. கடைசியில் பதினெட்டுப் பக்கம் மிஞ்சியது. பொதுவான வேலைகளுக்கு நிர்மாணத்துறை அபிவிருத்தி அதிகார சபையின் கட்டட வேலை விவரக்குறிப்பே போதும் என்று ஒரு வரியில் சுட்டிவிட்டு, இந்தக் கரைக்கு உரியதை மட்டும் எழுதினேன். வரைபடம், விவரக்குறிப்பு, அளவுப் பட்டியல் முரண்பட்டால் கடுமையானது செல்லும், சந்தேகம் வந்தால் வேலைக்கு முன் எழுத்தில் கேட்க வேண்டும் என்பது முதற்பக்கத்தில் இருந்தது.

தண்ணீர், கவர், சாக்கு

கடலைத் தொடாமல் கடற்காற்றின் உப்பை வாங்கும் கொங்கிறீற்றுக்கு ஐரோப்பிய நியமம் தனி வகுப்பு வைத்திருக்கிறது. அதன் பரிந்துரைப்படி தண்ணீர், சீமெந்து விகிதம் 0.50ஐத் தாண்டக்கூடாது. ஒரு கனமீற்றருக்குச் சீமெந்து 300 கிலோகிராமுக்குக் குறையக்கூடாது. கனசதுரமாக வார்த்த மாதிரியை நசுக்கிப் பார்க்கும் கனக்குற்றி வலிமை 28 நாளில் சதுர மில்லிமீற்றருக்கு 37 நியூட்டன். கவர், களத்துத் தவறலுக்கான 10ஐயும் சேர்த்து, 45 மில்லிமீற்றர். இவற்றை அப்படியே எடுத்தேன். ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். கவரை மட்டும் கூட்டிவிட்டுப் பீமின் வெளி அளவை விட்டுவிட்டால் கம்பி உள்ளே ஏறி, பீமின் தாங்கும் திறன் குறைந்துவிடும். விவரக்குறிப்பு எழுதுகிறவர் வரைபடம் போடுகிறவருடன் உட்கார்ந்து பீமின் ஆழத்தையும் மாற்ற வேண்டும்.

0.50 என்று எழுதினால் மேசனுக்கு என்ன விளங்கும்? 50 கிலோகிராம் மூட்டை ஒன்றுக்குத் தண்ணீர் 25 லீற்றருக்கு மேல் கூடாது என்று எழுதினால் விளங்கும். அதுவும் போதாது. மழையில் நனைந்த மணல் தன் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு தண்ணீர் வைத்திருந்தால், மூட்டைக்கு 100 கிலோகிராம் மணலில் 5 லீற்றர் ஏற்கெனவே வந்துவிட்டது. வாளியில் 20தான் ஊற்றலாம். இதைத் தமிழில் ஒரே தாளில் படத்துடன் எழுதி, கலவை இயந்திரத்தின் பக்கத்தில் தொங்கவிட வேண்டும் என்பதையும் விவரக்குறிப்பிலேயே சேர்த்தேன். அப்படி ஏழு தாள்கள் இருந்தன. கூரைப் பீமுக்கு நகரத்திலிருந்து ஆயத்தக் கலவை வந்தது. தூண்களுக்குக் களத்தில் கலந்தோம்.

இரும்புக் கம்பி உள்ள கொங்கிறீற்றுக்கான தண்ணீரில் குளோரைட்டு லீற்றருக்கு 1000 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. பரிசோதனைக்கு மாதிரி எடுக்கும் மாதத்தையும் குறித்தேன்: ஓகஸ்ட் அல்லது செப்டெம்பர். மாரி மழைக்குப் பின் எடுத்தால் எந்தக் கிணறும் தேறிவிடும். இடையில் சந்தேகம் வந்தால் நாக்கே போதும். தண்ணீரில் உப்புச் சுவை சுமார் 250 மில்லிகிராமிலேயே தெரியத் தொடங்குவதால், கரித்தால் ஊற்றாதே என்ற மேசன்களின் பழைய பழக்கம் நியமத்தைவிடக் கடுமையானது. அதையும் தாளில் எழுதினேன்.

சீமெந்துக்குச் சாம்பல் கலந்த கலப்புச் சீமெந்தைக் கேட்டேன். அனல் மின் நிலையச் சாம்பல் சேரும்போது கொங்கிறீற்றின் நுண்துளைகள் இறுகி உப்பின் பயணம் தாமதமாகிறது. சீமெந்தாக அரைப்பதற்கு முன் சூளையில் சுட்டெடுக்கும் கிளிங்கரை எரிக்கும்போது வெளிவரும் காபனீரொட்சைட்டும் அந்த அளவுக்கு மிச்சம். சூழலுக்கு நல்லதும் கட்டடத்துக்கு நல்லதும் ஒரே மூட்டையில் கிடைக்கும் அரிய இடம் இது. விலை ஒன்று உண்டு. இந்தச் சீமெந்து மெதுவாக இறுகும். ஏழு நாள் தண்ணீர் விட்டால் போதாது, பதினான்கு நாள் ஈரம் காக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் மே முதல் ஓகஸ்ட் வரை வீசும் கச்சான் காற்று, காலையில் போட்ட கொங்கிறீற்றை மதியத்துக்குள் உலர்த்தி வெடிக்கவைக்கும். ஆகவே அந்த மாதங்களில் தளம் போடுவது மாலை நான்கு மணிக்குப் பின், ஈரச் சாக்கு உடனே, பதினான்கு நாளும் சாக்கு காயக்கூடாது. ஈரம் காப்பதை அளவுப் பட்டியலில் தனி உருப்படியாக வைத்து, நாளொன்றுக்கு இவ்வளவு என்று பணம் கொடுத்தோம். சாக்கு காய்ந்திருந்த நாளுக்குப் பணமில்லை. இந்த ஒரு ஏற்பாடு நான் எழுதிய பத்துக் கண்டிப்பான வாசகங்களைவிட அதிகம் வேலை செய்தது.

எனக்கும் பிழைத்த இடங்கள் உண்டு. கவர் 45 என்று எழுதினேன், அந்த 45ஐத் தாங்கி நிற்கும் கவர் கட்டையை மறந்தேன். வேலைக்காரப் பையன்கள் மிஞ்சிய சாந்தில் கட்டை வார்த்தார்கள். கையால் நசுக்கினால் பொடியாயிற்று. அப்படிப்பட்ட கட்டை கவருக்குள் உப்புக்கு வெட்டிய வாய்க்கால். வேலையை இரண்டு நாள் நிறுத்தி, கட்டையும் பீமின் கொங்கிறீற்றுக்குச் சமமான வலிமையில் இருக்க வேண்டும், மீற்றருக்கு ஒன்று இருக்க வேண்டும், கட்டுக்கம்பியின் நுனி உள்ளே மடங்கியிருக்க வேண்டும் என்று திருத்தம் கொடுத்தேன். அதற்கான செலவைச் சங்கம்தான் ஏற்றது. என் மறதிக்கு ஒப்பந்தக்காரர் பணம் கட்டுவது முறையல்ல.

மற்றது மணல். ‘ஆற்றுமணல்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். கொட்டியாரக் குடாவில் கலக்கும் மகாவலியின் கரைகளிலிருந்து நள்ளிரவில் அனுமதியில்லாமல் அள்ளிய மணலும் ஆற்றுமணல்தான். முதல் லொறி வந்தபோது அனுமதிப்பத்திரம் கேட்டேன், சாரதி தலையைச் சொறிந்தார். திருப்பி அனுப்பினோம். கரை இடிந்து வயல் போன விவசாயியின் செலவில் நம் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்ட முடியாது. புவிச்சரிதவியல் அளவை மற்றும் சுரங்கப் பணியகத்தின் அனுமதிப்பத்திர இலக்கம் இல்லாத மணலுக்குப் பணம் கிடையாது என்றும், சாந்துக்கும் சுவர்க் கல்லுக்கும் கழுவிய கருங்கல் மணல் ஏற்றுக்கொள்ளப்படும் என்றும் மாற்றினேன்.

கூரை

பழைய விவரக்குறிப்பில் கூரை ‘உறுதியாகப் பொருத்தப்பட’ வேண்டும். எதற்கு எதிராக உறுதி? 1978 நவம்பர் சூறாவளி மட்டக்களப்பைச் சிதைத்த பிறகு, இலங்கைக்கென்று 1980 இல் வந்த காற்று வடிவமைப்புக் கையேடு நாட்டை மூன்று வலயங்களாகப் பிரித்தது. கிழக்குக் கரை முதலாம் வலயம். அங்கே தாங்க வேண்டிய காற்றின் வேகம் சாதாரணக் கட்டடத்துக்கு வினாடிக்கு 49 மீற்றர், அனர்த்தத்துக்குப் பின்னும் இயங்க வேண்டிய கட்டடத்துக்கு 54 மீற்றர். வெள்ளம் வந்தால் ஊர் கூடித் தங்குவது முன்பள்ளியில்தான். ஆகவே 54ஐ எடுத்தோம்.

54 மீற்றர் வேகக் காற்றின் அழுத்தம் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 180 கிலோகிராம் எடைக்குச் சமம். ஓட்டுக் கூரையே சதுர மீற்றருக்கு 50 கிலோகிராம் அளவுதான், தகடு 5 வரை. கூரை தன் பாரத்தால் உட்கார்ந்திருக்கும் என்று நம்பக் கூடாது, கீழே கட்டிப் பிடிக்க வேண்டும். தகட்டிலிருந்து குறுக்குமரம், அதிலிருந்து கைமரம், சுவரின் மேல் கிடக்கும் மரம், வளையப் பீம், தூண், அத்திவாரம் என்று ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனியாக எழுதினேன்: எந்தப் போல்ட், எத்தனை தடிப்பு, எவ்வளவு ஆழம், எத்தனை மீற்றருக்கு ஒன்று. கூரையின் ஓரங்களிலும் முகட்டிலும் காற்று இரட்டிப்பாக இழுக்கும் என்பதால் அங்கே தகட்டின் ஒவ்வோர் அலைமேட்டுக்கும் ஒரு திருகாணி. போல்ட்டும் திருகாணியும் கடற்காற்றுக்கு ஏற்ற 316 வகைத் துருவாத உருக்கு. அஸ்பெஸ்டஸ் தகட்டை விவரக்குறிப்பில் பெயர் சொல்லித் தடுத்தேன். ‘அல்லது சமமானது’ என்ற சொல்லின் வழியாக அது உள்ளே வந்துவிடும் என்று பயம். எந்த வகை அஸ்பெஸ்டஸும் புற்றுநோய் தருவது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. வெட்டித் துளைக்கும் பையனின் நுரையீரலுக்கும், பத்து ஆண்டு கழித்து உடைந்த தகட்டின் கீழ் விளையாடும் பிள்ளைக்கும் அதே தூசிதான்.

இங்கேதான் சூழலைக் காக்கும் நிலைபேறும் பாதுகாப்பும் மோதின. வெயிலைத் தடுக்கவும் மின்விசிறி இல்லாமல் வகுப்பு நடக்கவும் எனக்கு ஆழமான தாழ்வாரம் வேண்டும், ஒன்றரை மீற்றராவது. காற்றுக்கோ வெளியே நீளும் கூரை ஒரு கைப்பிடி. அதைப் பிடித்துத்தான் முழுக் கூரையையும் புரட்டும். பல நாள் படம் வரைந்து கிழித்தேன். இறுதியில் பிரதான கூரையின் நீட்சியை 450 மில்லிமீற்றரில் நிறுத்தி, தாழ்வாரத்துக்குத் தனித் தூண்களில் தனிக் கூரை வைத்தோம். பெருங்காற்றில் தாழ்வாரம் போனாலும் வகுப்பின் மேல் கூரை நிற்கும். இரண்டுக்கும் இடையில் விட்ட இடைவெளியால் சூடான காற்று வெளியேறுகிறது. நம் பழைய வீடுகளின் விறாந்தைக் கூரை பல இடங்களில் இப்படித் தனித்து நிற்பதை அதன் பிறகுதான் கவனித்தேன்.

வேலை செய்பவர்

கட்டடம் பாதுகாப்பாக இருக்க வேண்டும் என்று எழுதுகிற நாம், கட்டுகிறவரைப் பற்றி ஒரு பத்தியில் பொதுவாக எழுதிவிட்டுப் போகிறோம். அதற்கு விலை கேட்பதில்லை. விலை இல்லாத வேலை களத்தில் நடக்காது, போட்டியில் குறைந்த விலைக்கு வந்தவர் முதலில் வெட்டுவது ஏறி நின்று வேலை செய்யும் சாரத்தையும் தலைக்கவசத்தையும்தான். புது அளவுப் பட்டியலில் இரும்புச் சாரம், கைப்பிடிக் குழாய், தலைக்கவசம், குடிநீர், நிழல் ஒவ்வொன்றும் தனி உருப்படி, எல்லோருக்கும் ஒரே நிலையான தொகை. விலைமனுவில் அதைக் குறைக்க இடமில்லை. மலக்குழி தோண்டுவதற்கு இரண்டு வரி கூடுதலாக எழுதினேன்: எங்கள் மணலில் 1.2 மீற்றருக்குக் கீழே பலகை அடைக்காமல் ஒருவரும் இறங்கக்கூடாது, தோண்டிய மணலை விளிம்பில் குவிக்கக்கூடாது. மணல் சரிவதற்கு முன் சத்தம் போடாது.

சக்கர நாற்காலிக்கான சாய்தளம் (மாற்றுத்திறனாளிகளின் அணுகல் வசதி பற்றிய 2006 ஒழுங்குவிதிகளின்படி 1:12), மழைநீர்த் தொட்டி, மின்னிணைப்பு, சாயம் ஆகியவற்றில் சொல்வதற்குப் புதிதாக ஒன்றுமில்லை. வழக்கமான நியமங்களைச் சுட்டினோம், வந்து பார்த்தோம்.

கட்டிய பின்

கட்டடம் 2020 தொடக்கத்தில் முடிந்தது. அந்த டிசம்பர் 2 ஆம் திகதி இரவு புரவிச் சூறாவளி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே கரையைக் கடந்தது. ஊரவர் சிலர் முன்பள்ளியில் தங்கினார்கள். ஒரு தகடும் அசையவில்லை. பலர் என்னைப் பாராட்டினார்கள், நான் அதை ஏற்கவில்லை. அன்றைய காற்று, நாங்கள் கணக்கெடுத்த வேகத்தின் பாதியை ஒட்டியதுதான். இந்தக் கூரை இன்னும் சோதிக்கப்படவில்லை. கவரும் அப்படியே. சாக்கு நனைத்த பலனை நான் பார்க்க மாட்டேன், அந்தப் பிள்ளைகள் பார்ப்பார்கள்.

விவரக்குறிப்பின் பதினெட்டாம் பக்கம் பராமரிப்பு. ஒவ்வோர் ஆண்டும் செப்டெம்பரில், மாரிக்கு முன், யார் எதைப் பார்க்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அந்தப் பக்கத்தின் பிரதியை ஆசிரியை அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறார். போன முறை ஏணி வைத்து ஏறியபோது, முகட்டுப் பக்கம் இரண்டு திருகாணித் தலைகள் மட்டும் பழுப்பேறியிருந்தன. யாரோ அன்ரெனா கட்டக் கழற்றிவிட்டு, கடையில் கிடைத்த சாதாரணத் திருகாணியைப் போட்டிருக்கிறார்கள். மேலேயிருந்தே அதைச் சொன்னேன். ஆசிரியை கீழே நின்றபடி கொப்பியில் எழுதிக்கொண்டார்: முகடு, வடக்குப் பக்கம், இரண்டு, 316 வகை, வெள்ளிக்கிழமைக்கு முன்.